சாக்குப் பலகையில் புதுப் பெயர்

அந்த ஆபீஸில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட எவனுக்கும் தைரியம் கிடையாது. முன்னால் நின்றால் 'மேடம்', இரண்டடி தள்ளிப் போனால் 'பூட்டு'. அவளுக்கும் இது தெரியும். தெரிந்தது மட்டுமில்லை, உள்ளூர ரொம்பப் பிடித்தும் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிற கம்பெனி அது. மற்றவர்கள் செய்த வெப்சைட்டைச் சோதித்துப் பார்த்தும் சொல்வார்கள். எது வாசலைத் தாண்டிப் போவதானாலும் இவள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் காலையில் வந்து உட்காருவாள். இந்தக் காலத்தில் யாரும் அஸ்திவாரம் தோண்டி வெப்சைட் கட்டுவதில்லை. ஃப்ரேம்வொர்க் என்று ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். சுவர், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் அதிலேயே இருக்கும். திருட்டுப் பயல் ஒருவன் பெயர் எழுதுகிற கட்டத்தில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதினால் அதை வெறும் எழுத்தாக்கிப் போட்டுவிடும். டோக்கன் என்கிற ரகசியச் சீட்டு இல்லாமல் கள்ள வழியில் வந்த ஃபார்மை 'நீ யாருடா' என்று கேட்டுத் திருப்பி அனுப்பும். யாரோ புண்ணியவான்கள் கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் செய்து வைத்திருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், போட்டிருக்கிற தாழ்ப்பாளைக் கழற்றாமல் சும்மா இருப்பது. அந்தச் சும்மா இருப்பதுதான் நம் ஆட்களுக்கு வரவே வராது.

அதற்காகவே அவள் கொண்டுவந்த வழக்கம் சாக்குப் பலகை. எவனாவது ஒரு தாழ்ப்பாளைக் கழற்றியே ஆகவேண்டும் என்று நின்றால், கழற்றிய இடத்திலேயே, கம்ப்யூட்டருக்கு எழுதுகிற புரோகிராம் கோடுக்கு நடுவில், எதைக் கழற்றினேன், யாருக்காக, என்ன சாக்கு என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையே மீட்டிங் அறை வாசலில் மாட்டியிருக்கிற வெள்ளைப் பலகையிலும் எழுத வேண்டும். தாழ்ப்பாள் திரும்பி மாட்டப்படும் வரைக்கும் பெயர் அங்கேயே தொங்கும். காபி எடுக்கப் போகிறவன், கை கழுவப் போகிறவன், எல்லோரும் படித்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆறு வருஷத்தில் அந்தப் பலகையில் ஏறாத பெயர் ஒன்றே ஒன்றுதான். யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மூன்று வாரமாகப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தவன் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். கழற்றியது: ஃபார்ம் டோக்கன். யாருக்காக: கிளையண்ட் மேனேஜர். சாக்கு: 'அவர் போனில் அழுதார்'. நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருந்தான். அவன் செய்த பக்கத்தை மூன்று வாரமாக அவள் வெளியே விடவில்லை. "யாரு அழுதாலும் தாழ்ப்பாளைத் தொடாதே. அழுறவங்களுக்குக் கைக்குட்டை கொடு, கதவைத் தொறந்து விடாதே" என்று பத்துப் பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, பாவம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஆபீஸில் அவளுக்கு இருந்த சொத்து ஒன்றுதான். அவள் 'முடியாது' என்று சொன்னால் அது முடியாது. மேனேஜரே வந்து நின்றாலும் முடியாது. அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வருஷத்தில் சேர்த்த மரியாதை அது. அதற்குத்தான் அந்தப் புதன்கிழமை கேடு வந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு உடைப்பு. எல்லோரும் மீட்டிங் அறையில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கிளையண்ட் அனுமதியோடு கொடுத்த வெப்சைட்டின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக உடைத்துப் பார்ப்பார்கள். அவள் தலைமாட்டு நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு மேனேஜர் தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பல் கிளினிக்குங்க. ஏழெட்டு ஸ்கூல் சேர்ந்து, பிள்ளைங்களுக்கெல்லாம் பல் பார்க்கிற வேலையை இவங்ககிட்ட கொடுக்கப் போறாங்க. பிள்ளைங்க விவரமெல்லாம் இந்த சைட்லதான் ஏறும். அதனால ஸ்கூல்காரங்க நம்மளைப் பார்க்கச் சொல்லிருக்காங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். ஆரம்பிக்கலாமா?"

திரை ஒளிர்ந்தது. மேலே ஒரு பல் சிரித்துக்கொண்டு கையாட்டியது.

அந்தப் பல் அவள் வரைந்த பல். அந்த வெப்சைட் அவள் செய்த வெப்சைட். கிளினிக் அவளுடைய சொந்த அக்காவின் கிளினிக்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா கேட்டாள், இவள் செய்து கொடுத்தாள். அக்காவின் புருஷன், இவளுடைய அத்தான்தான் பல் டாக்டர். வரவேற்பில் உட்கார்ந்து பெயர் பதிகிறவர் அத்தானின் அம்மா, இவளுக்கு அத்தை. கிளினிக்கை நடத்துவது அக்கா. பள்ளிக்கூடங்களின் பின்னால் இரண்டு வருஷமாக நடையாய் நடந்தவளும் அக்காதான். போன வாரம்கூடப் போனில் சொன்னாள், "யாரோ வந்து சைட்டை செக் பண்ணுவாங்களாம்டி. நீ செஞ்சதாச்சே, எனக்கு பயமே இல்ல." இவள் சுருட்டையின் கோடில் தப்புத் தேடிக்கொண்டே, "ஆமா, ஆமா" என்று சொல்லிவைத்தாள்.

ஆபீஸில் ஒரு புள்ளியைக்கூடத் தப்ப விடாதவளுக்கு வீட்டு மனிதர்களிடம் இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. அதிலும் அக்கா. ஜன்னலோர சீட்டு, மாடிக் கட்டில், ஓட்டையில்லாத குடை என்று சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் இவளுக்கு விட்டுக்கொடுத்தவள். அந்த அக்கா வீட்டிலிருந்து ஒருவர் ஒன்று கேட்டால் எப்படி முடியாது என்பது?

முதலில் எல்லாத் தாழ்ப்பாளும் ஒழுங்காகத்தான் இருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. அத்தை காலையில் ஃபார்மைத் திறந்து வைத்துவிட்டு மத்தியானம் வந்து பொத்தானை அழுத்துவார். ஃபார்மோடு போகிற டோக்கன் அதற்குள் காலாவதி ஆகிவிடும், 'மறுபடி முயற்சிக்கவும்' என்று வரும். "ஏம்மா, என்னை மட்டும் ஏன் வெரட்டுது?" என்றார் அத்தை. டோக்கன் போயிற்று. அத்தானுக்கு வெப்சைட்டின் அறிவிப்புப் பலகையில் பெரிய சிவப்பு எழுத்து வேண்டும், அதுவும் கண் சிமிட்ட வேண்டும். 'பல் தேய்த்துவிட்டு வரவும்' என்று போடத்தான். கட்டளைகளை வெறும் எழுத்தாக்குகிற காவலை அதற்காக எடுத்தாள், தனியாகப் பிரிக்கச் சிரமம் பார்த்து நோயாளிகள் குறிப்பு எழுதுகிற கட்டத்துக்கும் சேர்த்தே எடுத்துவிட்டாள். அக்காவுக்கு நோயாளிகளின் போனுக்கு லிங்க் அனுப்ப வேண்டும், அவர்கள் பாஸ்வேர்டு போடாமல் பார்க்க வேண்டும். அதுவும் ஆயிற்று. பெயரில் பாதி, போன் நம்பரில் பாதி என்று அத்தான் எப்படித் தட்டினாலும் தேடுகிற கட்டம் ஆளைக் காட்ட வேண்டும். அவர் தட்டுவதை எதையும் சோதிக்காமல் அப்படியே, நோயாளிகள் விவரமெல்லாம் இருக்கிற தகவல் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள். கடைசியில், ஏதாவது பழுதானால் அத்தான் திரையைப் போட்டோ எடுத்து அனுப்ப வசதியாக, உள்ளே இருக்கிற கோடு முழுவதும் தெரிகிற பழுதுப் பக்கத்தையும் திறந்தே வைத்துவிட்டாள். அது கட்டுகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டிய பக்கம்.

இப்போது சொல்லியிருக்கலாம். 'இது என் அக்கா கிளினிக், நான் செஞ்சது, இதுல நான் உட்காரக் கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இந்தப் பல்லை யாருப்பா வரைஞ்சது?" என்றாள் டிசைனர் பெண். "கத்திரிக்காய்க்குக் கைகால் மொளைச்ச மாதிரி இருக்கு."

அறையே கொல்லென்று சிரித்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்த பல் ஐயா அது.

சுருட்டைதான் முதலில் கை வைத்தான். நோயாளி குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு சின்னக் கட்டளையைத் தட்டி அனுப்பினான். வரவேற்பில் இருப்பவர் பார்க்கிற பக்கத்தைத் திறந்ததும் நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து 'ஐயோ பல் வலிக்குதே' என்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பெட்டிக்குப் பதிலா, உட்கார்ந்திருக்கிறவங்களோட லாகினையே திருடியிருக்கலாம்" என்றான் சுருட்டை. "எழுதிக்கோங்க மேடம். பெரிய ஓட்டை."

அவள் நோட்டைப் பார்த்தபடி, "சின்ன ஓட்டைதான்" என்றாள்.

போன மாசம் இதே ஓட்டைக்காக ஒருவனுடைய பக்கத்தை ஒன்பது தடவை திருப்பி அனுப்பியவள் அவள்.

"சின்னதா?" என்றான் சுருட்டை.

"பல் கிளினிக்தானே. பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ."

மேனேஜர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார். ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மென்று முழுங்கினாள். யாரோ எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்கள். அப்புறம் எல்லோருக்கும் வேர்த்தது, அவளுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக.

அடுத்து டிசைனர் பெண் பிரவுசரின் மேலே தெரிகிற முகவரி வரிசையின் கடைசியில் இருந்த 41 என்ற எண்ணை 42 என்று மாற்றினாள். வேறொருவருடைய பெயர், வயது, எந்தப் பல் சொத்தை என்பது வரைக்கும் வந்து நின்றது. 43, 44, 45 என்று போய்க்கொண்டே இருந்தாள். எங்கேயும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

"யாரு வந்து அடுத்தவங்க பல்லைப் பார்க்கப் போறாங்க?" என்றாள் பூட்டு.

தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இதே சாக்கைச் சொன்னவர்கள் பெயரைப் பலகையில் சிவப்பு மையால் எழுத வைத்தவள் அவள். சொன்னதும் ஒரு பயம் அடித்தது. தெரிந்துவிட்டால் நாளையிலிருந்து ஒரு பயல் மதிக்க மாட்டான். 'முடியாது' என்று சொன்னால் 'அத்தான் கேட்டா முடியுமா மேடம்?' என்பான். ஆறு வருஷம் கட்டியது ஒரு கத்திரிக்காய்ப் பல்லால் போய்விடும். அஞ்சு மணி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் போதும், ராத்திரிக்குள் அக்காவிடம் ஏதாவது சொல்லி எல்லாவற்றையும் மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

"தேடுற கட்டத்தைப் பார்த்துடலாமா?" என்றான் சுருட்டை.

"அது வேண்டாம்" என்றாள் சட்டென்று. "தேடுற கட்டத்துல என்ன இருக்கப் போகுது? மணியாச்சு, காபி குடிச்சிட்டு வாங்க."

மணி பத்தே முக்கால். அந்த ஆபீஸில் உடைப்பு நடக்கும்போது காபி என்று சொன்னவனை ஒரு தடவை அவளே வெளியே அனுப்பியிருக்கிறாள். சுருட்டை அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். பிறகு தேடுகிற கட்டத்தில், காவல் இல்லாத தகவல் பெட்டியைக் குழப்பிவிடுகிற ஒற்றை மேற்கோள் குறி ஒன்றே ஒன்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான்.

பளீரென்று மஞ்சளாக வந்து விழுந்தது பழுதுப் பக்கம். வரி வரியாகக் கோடு, சுவர் உயரத்துக்கு. எந்த வரியில் பழுதோ அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு நேர் மேலே, கோடுக்கு நடுவில், நல்ல தமிழில் நாலு வரி.

அவள் இரண்டு வருஷமாக அதை மறந்தே போயிருந்தாள். கை அதுவாகவே எழுதிய வரிகள். கழற்றினால் எழுதிவை என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, அக்கா வீட்டு வேலையில்கூட அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

சுருட்டை எழுந்து நின்று, பேச்சுப் போட்டிக்கு வந்த மாதிரி குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தான்.

"கழற்றியது: தேடலுக்குப் போட்டிருந்த காவல். யாருக்காக: அத்தான். சாக்கு: எப்படித் தட்டினாலும் ஆள் கிடைக்கணுமாம், சொன்னால் முகம் வாடிப்போகிறது, மனசில்லாமல்தான் செய்கிறேன். இப்படிக்கு..."

அங்கே நிறுத்தினான். இப்படிக்கு என்பதற்குப் பக்கத்தில் 'பூட்டு' என்று இருந்தது.

பேய் அறைந்த மாதிரி எல்லோரும் திரையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இந்த உலகத்தில் தாழ்ப்பாள் கழற்றினால் தமிழில் சாக்கு எழுதிக் கையெழுத்துப் போடுகிற கம்பெனி அது ஒன்றுதான். அந்தக் கம்பெனியில் பூட்டு ஒருத்திதான்.

"உங்களுக்கு அந்தப் பேர் தெரியுமா மேடம்?" என்று டிசைனர் பெண் மெதுவாகக் கேட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

"தெரியும்" என்றாள். முகம் முழுக்க அசடு வழிந்தது, துடைக்கக் கைக்குட்டை இல்லை. எழுந்தாள். "இன்னும் நாலு இருக்கு. யாருக்காகன்னு நீங்க தேட வேண்டாம், நானே சொல்லிடறேன். டோக்கன் அத்தைக்காக. எழுத்தாக்குற காவல் அத்தானுக்காக, செவப்புல கண்ணு சிமிட்டணும்னு. பாஸ்வேர்டு இல்லாத லிங்க் அக்காவுக்காக. இந்த மஞ்சப் பக்கம் மறுபடி அத்தானுக்காக. என் அக்கா கிளினிக் சார் இது. பத்து மணிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"அப்புறம் நீங்க யாரும் நான் சொன்னா கேக்க மாட்டீங்களேன்னு."

சுருட்டை மெல்ல, "யாரு அழுதாலும்..." என்று ஆரம்பித்தான். மூன்று வாரக் கோபம் அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். மிச்சத்தைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். நல்ல பயல், குறை சொல்லக் கூடாது, அந்த இடத்தில் நானாக இருந்தால் முழுசையும் சொல்லித் தீர்த்திருப்பேன்.

மேனேஜர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "ரிப்போர்ட்ல எல்லாம் உள்ளபடிதான் போகும்" என்றார். "நீங்க எழுதக் கூடாது, சுருட்டை எழுதட்டும். அஞ்சு மணிக்குள்ள மாட்டிட்டு மறுபடி சோதிச்சா, அதையும் சேர்த்து எழுதலாம். ஆனா சைட் அவங்களோடது. அவங்க வசதி போகுது, அவங்க சம்மதிக்கணும். போன் பண்ணுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

வேறு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கியிருப்பாள். பதினோரு பேர் முன்னால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா வீட்டுக்கு 'முடியாது' என்று சொல்லப் போகிறாள்.

வரவேற்பில் அத்தைதான் எடுத்தார்.

"அத்தை, நான்தான். ஃபார்மை மத்தியானம் வரைக்கும் தொறந்து வச்சா இனிமே அது வெரட்டும். அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் போடப் போறேன். இதை... இதை நான் இனிமே எடுத்துவிட முடியாது அத்தை."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கத்துவார், கோபப்படுவார், அக்காவிடம் நாலு நாள் பேச மாட்டார் என்று இரண்டு வருஷமாகப் பயந்த புயல் இதோ வரப்போகிறது.

"வெரட்டுனா மறுபடி தொறந்தா வருமா?" என்றார் அத்தை.

"வரும்."

"எழுதினதெல்லாம் போயிடுமா?"

"பேரை மட்டும் மறுபடி அடிக்கணும்."

"அடிச்சுக்கறேன். இதுக்கா கண்ணு போன் பண்ண? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். இரு, உங்கக்கா வரா."

அவ்வளவுதான். இரண்டு வருஷப் புயல் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. அறையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அப்படியே கை போனின் மேலேயே இருந்தது.

அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அத்தானின் தேடல், சிவப்பு எழுத்து, லிங்க், மஞ்சள் பக்கம். கடைசியில் அக்கா கேட்டாள்.

"அப்ப இந்த ரெண்டு வருஷமா எங்க ஆளுங்க விவரத்தை எவன் வேணா வந்து பார்த்திருக்கலாமா?"

"பார்த்திருக்கலாம்க்கா. பார்த்தாங்களான்னு, யார் யார் வந்தாங்கன்னு சைட்டே எழுதி வைக்கிற பதிவுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"இது நாங்க கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏண்டி செஞ்ச?"

"நீ கேட்டேன்னுதான். உங்கிட்ட எப்படிக்கா முடியாதுங்கறது?"

போனில் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அக்கா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன சண்டைக்கா வந்திருப்போம்? நீ கேட்ட நிமிஷமே செஞ்சு கொடுத்த, அதனால ஒண்ணுமில்லாத விஷயம்னு நெனச்சோம். எங்களுக்கு இதுல என்னடி தெரியும்? தெரிஞ்சவ நீ ஒருத்திதானே. எங்களை நம்பி வந்தவங்க பேரெல்லாம் தெருவுல கெடந்திருக்கு, நீ எங்கிட்ட நல்ல பேரு வாங்கிட்டு இருந்திருக்க." குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "எல்லாத்தையும் மாட்டு. உங்கத்தான்கிட்ட நான் பேசிக்கறேன். செவப்பு எழுத்து இல்லன்னா யாரும் பல் தேய்க்காமயா வரப் போறாங்க?"

போனை வைத்தபோது அவள் கண் கலங்கிவிட்டது. அழுகிறவர்களுக்குக் கைக்குட்டை கொடு என்று சொன்னவளுக்குச் சுருட்டைதான் மேஜை மேல் இருந்த டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவிட்டான்.

முதல் வேலையாக அக்காவிடம் சொல்லி நிஜ வெப்சைட்டை 'பராமரிப்பு நடக்கிறது' என்று மூடிவைத்தாள். பதிவுப் புத்தகத்தை இரண்டு பேர் வரி வரியாகப் பார்த்தார்கள். வெளி ஆள் எவனும் வந்த தடம் இல்லை. அதிர்ஷ்டம்தான், அவள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. டோக்கனைச் சுருட்டை மாட்டினான். எண்ணை மாற்றினால் அடுத்தவர் விவரம் வருகிற ஓட்டையை டிசைனர் பெண் பூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அடைக்க வைத்தாள். தேடல் கட்டத்தைப் பூட்டே ஒழுங்கு முறையில் திருப்பி எழுதினாள். பெயரில் பாதி, நம்பரில் பாதி என்று அத்தான் எப்படித் தட்டினாலும் ஆள் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கிடைத்திருக்கும், ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால். மூன்றரைக்கு எல்லாம் மாட்டியாயிற்று. சுருட்டை மறுபடி ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டான். 'மன்னிக்கவும், யாரும் கிடைக்கவில்லை' என்று மட்டும் வந்தது. மறுபடி எல்லோரும் கைதட்டினார்கள்.

அஞ்சு மணிக்கு மேனேஜர் பேசிவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்காரர்கள் முழுசையும் கேட்டுக்கொண்டார்களாம். ஒரு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், வேறு ஆளை வைத்து, அதுவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், இவளால்.

அவள் மார்க்கரை எடுத்துக்கொண்டு வாசல் பலகைக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் போனாள். மாட்டியாயிற்றே, எழுத வேண்டாம் என்றார் மேனேஜர். இரண்டு வருஷம் எழுதாமல் இருந்ததற்காவது ஒரு மாதம் தொங்கட்டும் என்றாள். சுருட்டையின் பெயருக்குக் கீழே எழுதினாள். பெயர்: பூட்டு. கழற்றியது: ஐந்து. யாருக்காக: அத்தை, அத்தான், அக்கா.

பின்னால் வந்து நின்ற சுருட்டை படித்தான். "அப்ப மேடம், என் பக்கத்தை இன்னிக்கு வெளிய விட்டுடலாமா?"

"டோக்கனை மாட்டிட்டியா?"

"இல்ல. அந்தக் கிளையண்ட் மேனேஜர் இன்னும்..."

"முடியாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. சிரிப்பானோ, அத்தானை இழுப்பானோ என்று திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிக்கத்தான் செய்தான், ஆனால் சரியென்று தலையையும் ஆட்டினான். அவன் பார்வை பலகையின் 'யாருக்காக' கட்டத்தில் இருந்தது.

"அது சரியில்ல மேடம்" என்றான். "அவங்கதான் இன்னிக்கு நீங்க முடியாதுன்னதும் சரின்னுட்டாங்களே."

அவள் உள்ளங்கையால் அத்தையை அழித்தாள், அத்தானை அழித்தாள், அக்காவைக் கடைசியாக அழித்தாள். அந்த இடத்தில் 'என் நல்ல பேருக்காக' என்று எழுதி மார்க்கரை மூடினாள்.

சுருட்டை அங்கேயே நின்றான். தன் வரியை ஒரு தடவை படித்தான், 'கிளையண்ட் மேனேஜர்' என்று இருந்த இடத்தை இரண்டு தடவை படித்தான். அப்புறம் போனில் அந்த மேனேஜரின் நம்பரைத் தட்டிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. அவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.